அந்தோனியார் காலடியில் வைத்த பிக்

குண்டசாலை,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் தினுஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த இத்தாலிக் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். நேற்றுத்தானே வட்ஸ்அப்பில் பேசினோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் முகம் திரையில் தெரிந்தால் எனக்கு வாயில் பொய்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே படி. உன் மண்டலின் கம்பியை மீட்டுகிற பிக்தான். உடைந்த கொம்புச் சீப்பை அறுத்து, அரம் வைத்துத் தேய்த்து அப்பா செய்து தந்த அதே கறுப்புப் பிக். அது காணாமல் போகவே இல்லை மகள்.

இங்கே மழை விட்டபாடில்லை, பின் மதிலோரம் மண் கொஞ்சம் சரிந்துவிட்டது, அப்பா மண் மூட்டை அடுக்கியிருக்கிறார். அவருக்குப் பிரஷர் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னதால் கருவாட்டை நிறுத்தினேன், அதற்கு என்னோடு கோபம். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக வந்த பாகற்கொடி நம் பக்கம்தான் காய்க்கிறது. பார், எழுத வந்ததை விட்டுவிட்டுப் பாகற்காயைப் பற்றி எழுதுகிறேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

அங்கே ஒரு வாத்தியக் குழுவுக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று, தெரிவானால் இங்கேயே இருந்துவிடுவேன், இல்லாவிட்டால் இங்கே இந்த வயதான இத்தாலிக்கார அம்மாவைப் பராமரிக்கிற வேலை முடிந்ததும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கே வந்துவிடுவேன் என்றாய். எனக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் ஏறியது. அங்கே வாங்கிய பிக் ஒன்றும் கைக்கு அமையவில்லை, அலுமாரியில் இருக்கும் கொம்புப் பிக்கை லீவில் ஊருக்கு வந்து இத்தாலிக்குத் திரும்பும் சுமனிடம் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்டாய். அதைத் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை, மேல் தட்டில் பவுடர் டின்னுக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாள். அவருடைய சுரூபத்தின் காலடியில், பூச்சாடிக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு, என் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள், அவள் இந்தத் தேர்வில் தேறக் கூடாது என்று நேர்த்தி வைத்தேன். பெற்றவள் கேட்கிற வரமா இது. ஆனால் முழங்காலில் நின்ற அந்த நேரத்தில் அது எனக்குப் பாசமாகத்தான் தெரிந்தது.

அதோடாவது நின்றேனா. சுமனை வெறுங்கையோடு அனுப்பினால் உனக்குச் சந்தேகம் வரும் என்று டவுனுக்குப் போய், ரஸீன் நானாவின் வாத்தியக் கடையில் ஏறினேன். மெல்லிய பிக் ஒரு பாக்கெட் கேட்டேன். அவர் என்ன வாத்தியம் என்று விசாரித்தார். மண்டலின் என்றதும், அப்ப இது சரிவராது மிஸ், இது கிட்டார் அடிக்கிற புள்ளைகளுக்கு, இரட்டைக் கம்பிக்குத் தடிப்பா, முனை உருண்டதா எடுங்க என்றார். மெல்லியது இறுகின கம்பியில் பட்டால் வளைந்துகொடுக்கும், கம்பியின் சத்தத்துக்கு முன்னால் பிளாஸ்டிக்கின் சத்தம் வரும், வேகமாக மாறி மாறி அடிக்கும்போது நாதம் ஒன்றோடொன்று சேராது என்று விளக்கம் வேறு சொல்லி, தொங்கிக்கொண்டிருந்த மண்டலினை இறக்கி இரண்டாலும் வாசித்தும் காட்டினார். இத்தனை வருஷமாகக் கோயில் பாட்டுக் குழுவில் நிற்கிறவள் நான், வித்தியாசம் நன்றாகவே கேட்டது. கேட்டுவிட்டு மெல்லியதையே வாங்கிச் சுமனிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு உனக்குப் போன் எடுத்து, வீடு முழுக்கத் தேடிவிட்டேன், காணவில்லை, அந்தோனியாரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் எடுத்துத் தருவார் என்றேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவரின் காலடியிலேயே ஒளித்து வைத்துவிட்டு, அவர் பெயரையே சொன்னேன். நீயும் அங்கே அவருக்கு மெழுகுதிரி ஏற்றினேன் என்றாய்.

போன கிழமை நீ வாசித்து அனுப்பியதை அப்பா இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டார். என்ன இது, கம்பியில டிக் டிக்குன்னு அடிக்குது, இது நம்ம புள்ள வாசிப்பே இல்லையே என்றார். அதற்குக் கீழே நீ பேசி அனுப்பியதையும் கேட்டோம். அம்மா மழையில அலைஞ்சு வாங்கி அனுப்புனது, இதையே பழகிக்கிறேன், தேர்வுக்கும் இதாலதான் வாசிப்பேன் என்று சொல்லியிருந்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தை விட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையை எடுத்து என் கையில் தந்தார். கோயிலில் வேலை பார்க்கிற ராஜலிங்கம் வாடின பூக்களை அள்ளிக்கொண்டிருந்தார், நல்ல வேளை, பிக் சாடிக்குப் பின்னால் அப்படியே இருந்தது, மேலே மெழுகு வடிந்திருந்தது. நேர்ந்து வைத்ததைத் திருப்பி எடுப்பது பாவமா என்று ஃபாதரிடம் கேட்டேன். அந்தோனியார் மண்டலின் வாசிக்கிறதில்லையே டொரதி, எடுத்துட்டுப் போங்க, ஆனா அவர்கிட்ட என்ன கேட்டீங்களோ அதையும் எடுத்துட்டுப் போங்க என்றார். வீட்டில் அப்பா மெழுகைச் சுரண்டி, விளிம்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் துணியால் துடைத்து வைத்தார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, கருவாட்டுக்கான கோபமும் இதோடு சேர்ந்துவிட்டது.

தேர்வு சனிக்கிழமை, உறை வியாழனோ வெள்ளியோ கிடைக்கும் என்று கூரியர்காரர் சொல்கிறார். விரல் பழக்கம் விட்டிருக்கும், முதலில் மெதுவாக வாசித்துப் பார். இறுக்கிப் பிடிக்காதே, மணிக்கட்டு தளர்ந்திருக்கட்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். அங்கே கடைக்காரர் யாராவது வேறு நல்ல பிக் காட்டினால் அதையும் உன் மண்டலினில் போட்டுப் பார், எது காதுக்குச் சரியோ அதை எடு. அம்மா அனுப்பியது என்பதற்காக எடுக்காதே, இந்தக் கொம்புப் பிக்கையும் அப்படித்தான். நான் அனுப்பிய மெல்லியதுகளைக் குப்பையில் போடு. நீ நத்தாருக்கு வராவிட்டால் அழுவேன், அதை மறைக்க மாட்டேன், ஆனால் அந்த அழுகையை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ அதற்காக ஒரு சுரத்தையும் தவற விடாதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் மகள். உடனே தர வேண்டாம், கோபம் இருந்தால் கோபத்தோடேயே போன் எடு.

கர்த்தர் உன் கையையும் காதையும் ஆசீர்வதிப்பாராக, மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறவாதே. நீ தேறக் கூடாது என்றும் நானே கேட்டேன், தேற வேண்டும் என்றும் இப்போது நானே கேட்கிறேன், அந்தோனியார் எதை எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை. நீ இருக்கும் பதுவையில்தான் அந்தோனியார் அடக்கமாகியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவர் கோயிலுக்குப் போய், கண்டியில் இருந்து டொரதி என்றொருத்தி முதலில் கேட்டதைக் காதில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

என்றும் உன்
அம்மா டொரதி