கல் சிவந்த வெள்ளிக்கிழமை

சதுரங்கப்பட்டினம்
ஆடி 8

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா விஜயகுமாரி ஆசி கூறி எழுதுவது. இங்கு நலம். லக்னோ ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றாய். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று சொல்லவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கூரியர்.

எனக்குப் பதற்றம் இன்னும் அடங்கவில்லை. நீ ரயிலேறிய வெள்ளிக்கிழமை மத்தியானம், நூறு நாள் வேலைக்குப் போன பக்கத்து வீட்டு வேண்டா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, ஏரிக்கரைக் கல்லு ரத்தம் கக்கிகினு கீது" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். லைக்கன், பாசி மாதிரி உயிருள்ளது என்று சொல்லி மூன்று வருடமாக நீ அளந்து குறிக்கிறாயே, பாறைமேல் படர்ந்த அந்த ஆரஞ்சுத் தேமல், அதில் நாலைந்து இடம் ரத்தச் சிவப்பு. நானும்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

அன்றிலிருந்து தினமும் மஞ்சள் தண்ணீர், பால், நல்லெண்ணெய். ஆத்தாமேல் அழுக்கு இருக்கக்கூடாதென்று தேங்காய் நாரால் தேய்க்கிறார்கள். பாதித் தேமல் கறுத்துப் போய்விட்டது. நம் தெருப் பக்தவத்சலம் மாமா மாமல்லபுரத்துச் சிற்பியைக் கூட்டிவந்து காட்டிவிட்டார். ஆடிப்பூரத்தன்று உளி வைத்து அம்மன் முகம் எடுக்கிறார்களாம். இந்த இனம் உனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றாய்.

நேற்று உன் மேசையைத் துடைத்தேன். ரயிலில் கொண்டுபோகக்கூடாதென்று நீ விட்டுப்போன பொட்டாஷ் பாட்டில் இருந்தது. தேமல்மேல் இதில் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுவதை வைத்து இனம் கண்டுபிடிப்பேன் என்று நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், பாறையின் பின்பக்கத் தேமலில் ஒரு சொட்டு விட்டேன். என் கண்ணெதிரே சிவந்தது. அடிப்பாவி, ஊரே கும்பிடுவது ரயிலேறும் முன் நீ விட்ட சொட்டை.

அப்போதே ஊரில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா இருக்கிறாரே. பக்கவாதம் வந்து நாலு மாதமாகப் பேச்சே இல்லாத மனுஷன், அந்தக் கல்லின் மஞ்சளை நெற்றியில் பூசிய மூன்றாம் நாள் "வெத்தல" என்று கேட்டார். டாக்டர் மாத்திரை வேலை செய்கிறது என்கிறார். அப்பா ஏரிக்கரைப் பக்கம் கை காட்டுகிறார்.

ஆடிப்பூரத்துக்குள் வந்துவிடு. பாட்டிலைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஊர் நடுவில் நீயே ஒரு சொட்டு விட்டுக் காட்டு, மிச்சமாவது பிழைக்கட்டும். அன்றைக்கு மட்டும் அப்பாவை நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுகிறேன். அவருக்குத் தெரியவே வேண்டாம்.

கல்லில் இருக்கிறாளோ இல்லையோ, அந்த ஆத்தா உனக்குத் துணையிருக்கட்டும்.

அம்மா