பெஹாலாவில் மறையாத நட்சத்திரம்

மொட்டைமாடியில் என்னை நம்பி நின்ற அப்பாவுக்கு,

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று நீங்கள் தூங்கவில்லை.

அந்த ஜனவரி மாலை நினைவிருக்கிறதா? ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகவிருந்தது. அதன் நிழல் கொல்கத்தாவைக் கடக்கும். நிழலுக்குள் இருப்பவர்களுக்கு நட்சத்திரம் சில நொடிகள் காணாமல் போகும். நான் நண்பர்களோடு நியூ டவுனில், பாதி கட்டிய மாடியில். நீங்கள் நகரின் மறுகோடியில் பெஹாலா வீட்டு மாடியில், குரங்குக் குல்லாயும் இரவல் தொலைநோக்கியுமாக.

எனக்கு மூன்று நொடி மறைந்தது. உடனே போன் செய்தேன்.

"இங்க ஒண்ணும் ஆகலைம்மா. அது பாட்டுக்கு இருந்தது."

"தூங்கிட்டீங்களாப்பா?"

"கிடர்பூர் துறைமுகத்துல முப்பது வருஷம் கப்பல் எண்ணினவன் நான்."

"கப்பல் பெரிசுப்பா."

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக் காக்கிமாவிடம் போனைக் கொடுத்தீர்கள், சாட்சிக்கு. அவர் வங்காள மொழியில் சொன்னார்: "தூங்கினாரா தெரியாது. ஏதோ ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார்."

போனைப் பிடுங்கினீர்கள். "ஜபம் இல்ல. இருக்கு, இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன். தூக்கம் வராம இருக்க."

"அப்ப தூக்கம் வந்தது?"

வைத்துவிட்டீர்கள்.

பார்த்ததை எழுதி அனுப்பும் படிவத்தில் உங்கள் ஆபீஸ் கையெழுத்து: 'மேற்படி நட்சத்திரம் முழு நேரமும் பணியில் இருந்தது.' எனக்கு வெட்கமாக இருந்தது. என் தாளை மட்டும் அனுப்பினேன். உங்களுடையது என் அகராதிக்குள் போயிற்று. மாதம் ஒருமுறை கேட்பீர்கள், "என் ரிப்போர்ட் கிடைச்சுதாமா?" கிடைத்தது என்பேன். எத்தனை முறை சொன்னேன்?

நீங்கள் போய் ஏழு மாதம் கழித்துத்தான் அதை அனுப்பினேன். குற்ற உணர்ச்சியில். வேறு காரணம் இல்லை.

எல்லார் தாள்களையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர் பதில் எழுதினார்: 'இதை ஏன் இவ்வளவு நாள் ஒளித்து வைத்தீர்கள்?' நாங்கள் எல்லோரும் நிழலுக்குள் நின்றவர்கள். அந்தச் சிறுகோள் எங்கே முடிகிறது என்று எங்களால் சொல்ல முடியாது. வெளியே நின்று, மறையவில்லை என்று எழுதிய ஒரே ஆள் நீங்கள்.

அவர் வரைந்த புதுப் படம் வந்திருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கல். அதன் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு, கோட்டின் மேல் உங்கள் இனிஷியல். அதைத் தாண்டிக் கல்லை வரைய முடியாது. நீங்கள் விடவில்லை.

காக்கிமாவிடம் காட்டினேன். "ஜபம் பலித்திருக்கிறது" என்றார்.

அடுத்த முறை பெஹாலா மாடியில் நான் நிற்பேன். உங்கள் குல்லாயோடு, இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டு. எதுவும் நடக்காவிட்டால், நடக்கவில்லை என்று எழுதி அன்றே அனுப்புவேன்.

ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, அப்பா. இந்த முறை நிஜமாகவே.

உங்களை நம்பத் தாமதித்த
மகள்