நைனா கேட்ட கார்டு

பதினெட்டுச் சக்கர வண்டியை ரிவர்ஸில் எடுத்துச் சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்திய என் நைனாவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. எழுதி என்ன செய்ய? வருகிற மாசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். அம்மா இருக்கிறாள். முட்டிவலிதான் படுத்துகிறது. உனக்காக வீட்டில் சர்க்கரையை நிறுத்தினோமே, இன்னும் வாங்கவில்லை. டீயில் இனிப்பு போட்டால் அவளுக்குக் குமட்டுகிறதாம்.

எண்ணூர் ரோடு அப்படியேதான் கிடக்கிறது. டிரெய்லர் வண்டிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கின்றன. நேற்றுகூட ஒரு டிரைவர் வண்டி நிழலில் அடுப்பு வைத்து மீன் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. நீ இருந்திருந்தால், "இன்னா மாமு, நமக்கும் ஒரு பீஸு கீதா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டிருப்பாய். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று ரிச்சி தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன் நைனா. புது லேப்டாப் வாங்க. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பழைய லேப்டாப் கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், நான் செய்ததை அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

சர்க்கரை வியாதி உன் இடது கண்ணைக் கொண்டுபோனபோது, "பெருசு, போதும், வண்டிய வுட்டுரு" என்றார்கள் கம்பெனியில். முப்பது வருஷம் துறைமுகத்திலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் கண்டெய்னர் ஏற்றிப் போன ஆள் நீ. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் உட்காரவில்லையாம். ரோட்டைப் பார்க்க முடியவில்லை என்றாய். அதற்கப்புறம் கொருக்குப்பேட்டை வீட்டில் ஒரு நாற்காலியும் நீயும்தான்.

நான் அப்போது டோல்கேட் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பமும் மஞ்சள் நீராட்டு பேனரும் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு கொண்டுவந்தாய். கடையில் கூட்டம் இல்லை. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று உன்னை உட்கார வைத்தேன்.

"இன்னாம்மா இது, கிளட்ச்சு எங்க கீது?" என்றாய். ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. மற்றவர்கள் அந்த கேமில் நூறில் போய் மோதுவார்கள். நீ நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றாய். ஆளில்லாத ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாய்.

"நைனா, இது கேமு! ரோட்ல ஒருத்தரும் இல்ல, அழுத்து!"

"போமே. வண்டின்னா வண்டிதான்."

ஒரு மணி நேரம் ஓட்டினாய். எழுந்தபோது உன் முதுகு நிமிர்ந்திருந்தது நைனா. மானிட்டரை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தாய், உன் வண்டியின் பானெட்டைத் தட்டுவாயே, அப்படி. அன்றைக்குச் சோறு இரண்டாம் முறை கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாய். அப்புறம் ஞாயிறு தவறாமல் நீதான் எனக்குச் சோறு கொண்டுவந்தாய்.

அந்தக் கம்ப்யூட்டரில் லாரி அவ்வளவு நன்றாக ஓடியதற்குக் காரணம் காதர் பாய். தண்டையார்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். படம் ஓடுவதைக் கவனித்துக்கொள்கிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை அவர் அதில் சொருகியிருந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றினார், சொருகினார், திருகைப் போட்டார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பத்து நிமிஷ ஞானம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்யலாம் என்று லேப்டாப் வாங்கப் போனோம். நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறாய் என்று கிண்டல் செய்தேன்.

"கேமிங்கா, போட்டோ எடிட்டிங்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

நீ வாயைத் திறந்தாய். எனக்குத்தான் எப்போதும் வாய் முந்துமே. "போட்டோதான் சார், போட்டோ" என்றேன்.

அவர் இரண்டை எடுத்து வைத்தார். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றில் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. ஆனால் திரை மங்கல், ரேம் பாதி. இன்னொன்றில் தனிக் கார்டு கிடையாது. திரை பளிச்சென்று இருந்தது, ரேமும் தாராளம். "போட்டோ வேலைக்கு கார்டு தேவையில்ல மேடம். கலர் சரியாத் தெரியணும், ரேம் இருக்கணும். அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னது அன்றைக்குச் சரிதான்.

நீ அந்த மங்கல் திரை லேப்டாப்பின் மேல் கையை வைத்திருந்தாய். "அந்தப் பளிச்சுன்னு கீறதுல லாரி ஓடுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"ஓடும் பெரியவரே. ஆனா திக்கித் திக்கி ஓடும்."

அவர் பில் புத்தகம் எடுக்க உள்ளே போனார். நான் உன் காதருகில் குனிந்து சொன்னேன். "நைனா, இப்ப இத்த வாங்கிக்கலாம். கார்டை அப்புறமா வாங்கிச் சொருகிக்கலாம். பத்து நிமிஷ வேலை. நான் பாத்தேன்."

நம் வீடே அப்படிக் கட்டியதுதானே? கதவு அப்புறம், பூச்சு அப்புறம், கக்கூஸ் அப்புறம். எதையும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றே வளர்ந்தவள் நான். லேப்டாப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நீ படிச்ச பொண்ணு. உனக்குத் தெரியாததா?" என்று கையை எடுத்துக்கொண்டாய்.

புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் அதற்குச் செய்தாய். மூடியில் சந்தனம், குங்குமம். நான்கு மூலைக்கும் நான்கு எலுமிச்சம்பழம். "நைனா, இதுக்குச் சக்கரம் கெடையாது!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "சக்கரம் இல்லன்னா திருஷ்டி படாதா?" என்று லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு பழத்தையும் வாசற்படியில் வைத்துக் காலால் மிதித்தாய். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. சந்தனக் கறை இன்னும் மூடியில் இருக்கிறது.

அப்புறம் கேமைப் போட்டோம். மரங்கள் துண்டு துண்டாக வந்தன. நீ திருப்பி முடித்த பிறகுதான் லாரி திரும்பியது. பிரேக் அழுத்தினாய், அது நகர்ந்துகொண்டே போய் வேலியில் இடித்தது. மறுபடியும் எடுத்தாய், மறுபடியும் இடித்தது. முப்பது வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட இடிக்காத ஆள் நீ. "பிரேக் புடிக்கல கண்ணு" என்று மூடியைச் சாத்தினாய். "கார்டு வரட்டும், அப்பால ஓட்டிக்கிறேன்."

சில மாதம் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காதர் பாயிடம் போனேன். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல எங்க தங்கச்சி சொருகறது? லேப்டாப்புல கார்டைப் போர்டோட சேத்து ஒட்டிப்புடுவான். வாங்கறப்பவே பாத்து வாங்கிருக்கணும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

வழியெல்லாம் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலிலேயே நின்றாய். "கார்டு கெடச்சிதா?" என்றாய். வெளிநாட்டிலிருந்து வரணும் நைனா, இன்னும் வரலை என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

உன் முகம் மலர்ந்துவிட்டது. "வெளிநாடுன்னா கப்பல்லதான் வரும். கப்பல்ல வந்தா கண்டெய்னர். கண்டெய்னர்னா நம்ம ரோடு!"

அன்றிலிருந்து சாயங்காலமானால் எண்ணூர் ரோட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். போகிற டிரெய்லர்களைப் பார்த்து, "தோ, இதுல கீதோ இன்னாவோ நம்ம கார்டு" என்பாய். நான் வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரே கேள்வி. "இன்னாம்மா, கப்பல் வந்துச்சா?" நானும், "வந்துகினே கீது நைனா" என்பேன். அம்மாவுக்கு அது நம் இருவரின் தமாஷ் என்றுதான் தெரியும். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். ஒருநாள் எரிந்து விழுந்தேன். "சும்மா நச்சரிக்காத நைனா, வந்தா சொல்ல மாட்டேனா?" என்று கத்தினேன். மூன்று நாள் நீ கேட்கவில்லை. நான்காம் நாள் மறுபடியும் கேட்டாய்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேனரில் மாமா பெயரை விட்டுவிட்டேன் என்று ஒரு வாடிக்கையாளர் சண்டை. நீ என் துப்பட்டாவை இழுத்தாய். "கப்பல் வந்துச்சா?" என்றாய். நான் கையைக் காட்டினேன், இரு என்று. பேசி முடித்துத் திரும்பியபோது தூங்கிப்போயிருந்தாய். எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். நீ அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை நைனா. ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேனே.

உன் அஞ்சலி போஸ்டரை அந்த லேப்டாப்பில்தான் செய்தேன். பூ விழுந்த கண்ணை மறைக்க, நல்ல கண்ணைத் திருப்பி ஒட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஒட்டினேன். யாரோ மாதிரி இருந்தது. அழித்துவிட்டு உன் கண்ணையே வைத்தேன். திரையில் உன் மூக்கோர மச்சம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இதற்குத்தானே இதை எடுத்தேன் என்று அழுதேன்.

போன வாரம் அந்த லேப்டாப் நின்றுவிட்டது. காதர் பாய் பிரித்துப் பார்த்து, போர்டு போச்சு என்றார். மூடியில் இருந்த சந்தனக் கறையைத் தடவிக்கொண்டே, "உங்க நைனா வந்திருந்தாரே, உனக்குத் தெரியுமா?" என்றார்.

நீ போயிருக்கிறாய் நைனா. எனக்குத் தெரியாமல், நான் அவரிடம் கேட்டுவிட்டு வந்த கொஞ்ச நாளிலேயே. நாமே கார்டை வாங்கிப் போட்டு பொண்ணை அசத்திவிடலாம் என்று. பாய் உண்மையைச் சொல்லிவிட்டார். நீ அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தாயாம். கிளம்பும்போது சொன்னாயாம்: "நான் வந்தது அதுக்குத் தெரிய வேணாம் பாய். பொய் சொல்ல வராது அதுக்கு. எனக்காகக் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கினு கீது."

அப்படியென்றால் ஒன்றரை வருஷமாக எதற்குக் கேட்டாய்? கேட்பதை நிறுத்தினால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றா? டீக்கடையில் எந்தக் கண்டெய்னரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? நான் கத்திய அந்த நாளில்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாய் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

நேற்று ரிச்சி தெருவில் அதே கடை, வேறு ஆள். அதே கேள்வி. "கேமிங்கா, போட்டோ எடிட்டிங்கா மேடம்?" நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார், இப்போது வருகிற போட்டோ சாஃப்ட்வேருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாம். கேட்டாயா நைனா? மூன்று வருஷம் போனதும் எனக்கே வேண்டியிருக்கிறது அது. அன்றைக்கு உன் கைக்கு அடியில் இருந்ததை நான்தான் வேண்டாம் என்றேன்.

"கேமிங்" என்றேன்.

"யாருக்கு மேடம், வீட்ல பசங்களுக்கா?"

"எங்க நைனாவுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே பெரிய கார்டு உள்ளதாக எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நான்கு எலுமிச்சம்பழம் மிதித்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உன் கேமைப் போட்டேன். மரங்கள் முழுசாக வந்தன. பிரேக் பிடிக்கிறது நைனா.

இனி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போட்டோ வேலை கிடையாது, வண்டிதான். நாற்பதைத் தாண்ட மாட்டேன். சிக்னலில் நிற்பேன். ஆளில்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போடுவேன். யாராவது என் துப்பட்டாவை இழுத்துக் கேள்வி கேட்டால், போனை வைத்துவிட்டுப் பதில் சொல்வேன்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். கப்பல் வந்துடுச்சு நைனா.

உன் வண்டியில் கிளீனராக ஏறியிருக்கும்
உன் மகள்,
தேவி