வெள்ளித் தகடு பொய் சொல்லாது

மிதவை நிலையம் 7, மன்னார் வளைகுடா

3 மார்ச் 2061, காலை 06:40
தென்கிழக்குக் காற்று, மிதம். மின்கலம் 91 சதவீதம். குடிநீர் இயந்திரம் சீராக ஓடுகிறது.

இதைக் கையில் எடுப்பவருக்கு: என் பெயர் ரமீசா. கீழக்கரைக்காரி, வேதியியலாளர். பத்தொன்பது நாளாக இங்கே தனியாக இருக்கிறேன். கண்ணாடித் தகடுகளில் வெள்ளியின் நானோ துகள்களைப் பூசி வைத்திருக்கிறோம். கடல்நீரை அதன்மேல் ஓடவிட்டு லேசர் அடிப்பேன். நீரிலுள்ள ரசாயனம் வெள்ளியில் ஒட்டிக்கொண்டால், திரும்பி வரும் ஒளி திரையில் தனிக் கோடாக விழுந்து, அது இன்னதென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தண்ணீர் லாரியில் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் போதும்.

இன்று எதுவும் இல்லை. மீதித் தகடுகள் ஆறு.

5 மார்ச், பகல் 11:15
சாந்தேட். நூறு கோடிக்கு 62 பங்கு.

மண்ணிலிருந்து உலோகத்தைப் பிரிக்க ஊற்றும் ரசாயனம் இது. நீரில் சிதைந்தால் நரம்பைக் கெடுக்கும். இதைப் பயன்படுத்துவது இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான்: தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் கடலடியைத் தோண்டும் தென்கடல் வளக் கழகத்தின் கப்பல். எனக்குச் சம்பளம் தருவதும் அதே கழகம்தான்.

தகடு கறுத்துவிட்டது. புதிய தகட்டில் மறுபடி அளந்தேன். 64.

5 மார்ச், பிற்பகல் 14:30
கரை நிலையத்தின் கண்காணிப்பு அதிகாரி தணிகைவேல் செயற்கைக்கோள் வழியே பேசினார்.

"மேடம், உப்புப் பட்டாலே வெள்ளி கறுக்கத்தான் செய்யும். தகடு கோளாறுன்னு எழுதி அனுப்பிடுங்க."

"உப்புப் பட்டால் இந்தக் கோடு வராது சார். ரெண்டு தகட்டில் ஒரே கோடு வந்திருக்கு."

"எழுதிடுங்க. மாற்று ஆள் படகு வெள்ளிக்கிழமை வரும். எழுதலைன்னா எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

எழுதவில்லை.

9 மார்ச், காலை 09:05
410 பங்கு. அறிக்கை அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் செயற்கைக்கோள் இணைப்பு போய்விட்டது. ஆன்டெனாவைச் சோதித்தேன், பழுது இல்லை. கரையில்தான் வெட்டியிருக்கிறார்கள்.

படகுக்காரர்கள் பேசிக்கொள்ளும் பதினாறாம் சேனல் இருக்கிறது. அதை யாராலும் வெட்ட முடியாது. அதில் கூப்பிட்டேன். கித்தேரியான் என்ற விசைப்படகுக்காரர் எடுத்தார்.

"டாக்டரம்மா, நாலு நாளா மீனு வயித்தக் காட்டி மெதக்குது. கேட்டா கடல் சூடாயிட்டுங்கான்."

"சூடு இல்லண்ணே. மருந்து. தோண்டுற கப்பல் ஊத்துறது. இந்தப் பக்கம் வலை போடாதீங்க. பிடிச்சதை யாருக்கும் விக்காதீங்க."

"மூணு நாள் பாடும்மா அது" என்றார். மீனைத் திரும்பக் கடலில் கொட்டிவிட்டதாக ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னார்.

இனி தினமும் மணிக்கொரு முறை இந்தச் சேனலில் அளவைச் சொல்வேன். என் குரல் முப்பது கிலோமீட்டர்தான் போகும். கேட்கிற படகு அடுத்த படகுக்குச் சொல்வதாகக் கித்தேரியான் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

12 மார்ச், காலை 09:20
நேற்று வெள்ளிக்கிழமை; மாற்று ஆள் படகு வரவில்லை. தகடுகள் தீர்ந்தன. ஆய்வுப் பெட்டியில் வெள்ளி நைட்ரேட் கொஞ்சம் இருந்தது. சமையல் அடுப்பில் சிட்ரேட்டோடு காய்ச்சினேன். மூன்று முறை பாழ். நான்காவது முறை கரைசல் பச்சைமஞ்சளாக மாறியது. வெள்ளி துகளாகிவிட்டது! இஞ்சி டீ பாட்டிலை உடைத்து, அந்தச் சில்லுகளில் பூசிக் காயவைத்தேன். ஐந்து சில்லுகள் தேறின. அசிங்கமாக இருக்கின்றன. வேலை செய்கின்றன.

1,150.

15 மார்ச், காலை 10:00
3,000 தாண்டிவிட்டது.

வலது கைவிரல்கள் இரண்டு நாளாக மரத்திருக்கின்றன. லேசரின் திருகு பிடிபடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்தேன். இன்று காலை தம்ளர் நழுவி விழுந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. குடிநீர் இயந்திரம் உப்பை எடுக்கும். இதை எடுக்குமா?

ஒரு சில்லை அதற்குச் செலவழித்தேன். எடுக்கவில்லை. பத்து நாளாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

15 மார்ச், பகல் 12:10
கித்தேரியான்: "நா வந்து ஏத்திக்கிறேன். ரெண்டே மணி நேரம். வாங்கம்மா."

"நான் இறங்கினா அளக்கறதுக்கு ஆள் இல்லண்ணே. நல்ல தண்ணி மட்டும் கொண்டாங்க."

"ஒங்க உசிரு?"

"அதைத்தான் அளக்கப் போறேன்."

அவர் திட்டினார். நல்ல கெட்ட வார்த்தைகள். பிறகு படகைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

16 மார்ச், பிற்பகல் 15:20
கைவிரல் உதவாது. குரல்பதிவு.

நேற்று நல்ல தண்ணீர் வந்தது. அண்ணன் படகை விட்டு ஏறவில்லை, போகவும் இல்லை. கயிறு கட்டி நின்றார்.

கடைசிச் சில்லு. கடல்நீர் வைத்தால் தகடு கோளாறு என்பார்கள். ஊசியால் குத்தி என் ரத்தத்தை வைத்தேன். அதே கோடு. அதே இடத்தில். என் ரத்தமும் கோளாறு என்று தணிகைவேல் எழுதட்டும், பார்க்கலாம்.

கோட்டின் படம் பதிவாகிவிட்டது. சில்லுகள் எல்லாவற்றையும் தேதி எழுதி, டப்பாவில் போட்டு அண்ணனிடம் இறக்கிவிட்டேன். கரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்; என் குரல் இங்கே கேட்கும்வரை கழகம் அவரைத் தேடாது. அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

16 மார்ச், பிற்பகல் 15:50
கழகத்தின் வேகப்படகு. ஆறு பேர். மருத்துவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில், "மேடம், ஒலிபரப்பை நிறுத்துங்க, உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்கிறார்கள்.

வரட்டும். இரும்புக் கதவை உள்ளே தாழிட்டிருக்கிறேன். கால் மரத்துவிட்டது, நிற்க முடியவில்லை. பேசுவதற்குக் கால் வேண்டாம்.

சேனலில் எனக்குத் தெரியாத குரல்கள். வேம்பார்ப் பக்கம் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், எந்தக் கரையோ. எல்லோரும் காலையில் நான் சொன்ன அளவையே சொல்கிறார்கள். வலை போடாதே, விற்காதே. ஒருவர் எண்ணைத் தப்பாகச் சொல்ல, இன்னொருவர் அதட்டித் திருத்துகிறார்.

16 மார்ச், பிற்பகல் 15:59
கதவை இடிக்கிறார்கள். கீல் ஒன்று போய்விட்டது.

பதினாறாம் சேனல். எல்லாப் படகுகளுக்கும். மிதவை ஏழிலிருந்து ரமீசா பேசுகிறேன். நான்கு மணி அளவு. என் ரத்தத்தில், நூறு கோடிக்கு