சாரலில் கேட்காத காது மெஷின்

வெயிலை நம்பிய என் அத்தானுக்கு,

நேற்று எதிர்வீட்டு அண்ணாச்சி கதவைத் தட்டி, "ஏம்மா, மத்தியானமானா ஒங்க வீட்ல என்னமோ கீச்சு கீச்சுன்னு கத்துதே, குக்கரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குக்கர் இல்லை. நீங்கள் செய்துவைத்துவிட்டுப் போன வேலைதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் திட்டவும்தான்.

எனக்குக் காது மந்தம் என்பது கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். நான் மாமன் மகள்தானே, சின்ன வயசிலிருந்து என்னிடம் கத்திப் பேசிப் பழகியவர் நீங்கள். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்தீர்கள். கழுத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். பெட்டியில் பேட்டரிக் கட்டை தீர்ந்துபோவது எப்போதும் கல்யாண வீட்டில்தான். தாலி கட்டுகிற நேரத்தில் மேளம் நின்றுபோகும், எனக்கு மட்டும். அதை ஒருநாள் சும்மா சிரித்துக்கொண்டே சொன்னேன். உங்களிடம் போய் ஏன் சொன்னேனோ!

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தோமா, வீட்டுக்கு வந்து காபி குடித்தோமா என்று இருக்கத் தெரியாதே உங்களுக்கு. அப்போதுதான் துபாயிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கட்டையே இல்லாத கால்குலேட்டர் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் பட்டால் எண் தெரியும்; கையால் மறைத்தால் மங்கும். செங்கோட்டையில் ரேடியோக் கடை வைத்திருந்த உங்கள் சிநேகிதரிடம் ரிப்பேருக்கு வந்து, சரியாகாமல் கிடந்த கால்குலேட்டர்களையெல்லாம் அள்ளிவந்தீர்கள். அவற்றின் நெற்றியில் இருந்த கருஞ்சிவப்புப் பட்டைகளைப் பிடுங்கினீர்கள்.

"இது வெறும் கண்ணாடி இல்லட்டி. மேல சிலிக்கான் படிஞ்சிருக்கு. முகம் பாக்குற கண்ணாடில மூச்சு பட்டா ஆவி படியுமே, அத விட மெல்லிசு. அதுதான் வெயில கரண்டா மாத்துது" என்றீர்கள். ஈயம் பற்றவைத்த சூட்டில் முதல் பட்டைகள் எல்லாம் பொசுங்கிப்போயின. மெல்லிசு என்று எனக்குப் பாடம் எடுத்தவருக்கு அது தெரிய வேண்டாமா?

ஒரு வழியாக எட்டுப் பட்டைகளை அட்டையில் ஒட்டி, என் தோளில் ஊக்குக் குத்தி மாட்டினீர்கள். வாசலில் வெயிலில் போய் நின்றேன். "கேக்குதாட்டி?" என்றீர்கள். கேட்டது. நிஜமாகவே கேட்டது அத்தான். அந்தச் சந்தோஷத்தில்தானே அந்தக் காரியத்தைச் செய்தீர்கள்? இனி எதற்கு என்று, கட்டை போடுகிற இடத்தையே பெயர்த்து எறிந்தீர்கள். சுவிட்சையும் பிடுங்கினீர்கள். "சூரியன்தாம்ட்டி சுவிட்சு" என்று பெருமை வேறு!

வீட்டுக்குள் வந்தால் ஒன்றும் கேட்கவில்லை. டியூப்லைட்டில் கால்குலேட்டர் ஓடுகிறதே என்று கேட்டால், காதோரம் வந்து கத்துகிறீர்கள்: "அதுக்கு ஒரு சொட்டு போதும், ஒம் மெஷினுக்கு ஒரு செம்பு வேணும்!" இதைப் பிடுங்குவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம் இல்லையா?

அதற்குப் பிறகு என்னிடம் பேச வேண்டியவர்கள் என்னைத் தெருவுக்கு இழுக்க ஆரம்பித்தார்கள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த உங்கள் தங்கச்சி முத்துலட்சுமி, "மதினி, வெயிலுக்கு வாங்க, ஒரு ரகசியம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், தன் மாமியார் கதை முழுவதையும் நட்டநடுத் தெருவில் வைத்துச் சொன்னாள். நானும் கேட்டேன், தெருவும் கேட்டது.

அதுகூடப் பரவாயில்லை. குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, ஆனி பிறந்தால் சாரல் வரும் என்பதை மறந்த ஒரே ஆள் நீங்கள்தான். சாரல் எப்போது வரும் என்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மேகத்தைத் திட்டினேன். அருவியில் குளிக்க வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்து பேசிச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பழையபடி கட்டை போடுகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "இன்னும் நாலு பட்டை சேத்தா மேகத்துலயும் கேக்கும்ட்டி, பொறு" என்றீர்கள்.

அந்த நாலு பட்டைக்குத்தான் செங்கோட்டைக்குக் கிளம்பினீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் முத்துலட்சுமியும் வந்தோம். இருண்ட வானம், பூந்தூறல். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி என்னமோ சொன்னீர்கள். "என்ன?" என்று கத்தினேன். மேகத்தைக் கையால் காட்டிவிட்டுச் சிரித்தீர்கள்.

சிநேகிதர் கடைப் படியில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். மறுநாள் உங்களைத் தூக்குகிற நேரத்தில் வானம் வெளுத்துச் சுள்ளென்று வெயில் அடித்தது. என் தோளில் இருந்த அட்டையை யாரும் கழற்றவில்லை. சங்கு, அழுகை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டது. அதை மட்டும் எதற்கு அத்தான் எனக்குக் கேட்கவைத்தீர்கள்?

பஸ்ஸில் என்ன சொன்னீர்கள் என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். "மாடில காயிற துணிய எடுக்கச் சொன்னான் அண்ணன், மதினி" என்கிறாள். தூறல் விழுகிற நாளில் எவள் மாடியில் துணி காயப்போடுவாள்? பஸ் இரைச்சலில் அவளுக்கும் கேட்டிருக்காது. அதை என்னிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது கட்டை போடுகிற புது மெஷின் வாங்கிவிட்டேன். சாரலிலும் கேட்கிறது. உங்கள் பெட்டி, அட்டையும் ஒயருமாக ஜன்னலில் இருக்கிறது. காதில் வைப்பதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மெஷின் தானாக விசில் அடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படித்தான் வைத்திருக்கிறேன். மத்தியானம் ஜன்னலில் வெயில் விழுந்ததும் அது கத்த ஆரம்பிக்கிறது. அணைக்கலாம் என்றால் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

துணியைப் போட்டு மூடச் சொன்னார் அண்ணாச்சி. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் இருக்கிறவரை அது வெயிலில்தான் இருக்கும். பிறகு உங்களிடம் வருவேன். வந்ததும் முதல் வேலையாக உங்களை நடு வெயிலில் நிறுத்தி, அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்காமல் விடமாட்டேன்.

கோபம் தீராத உங்கள் மாமன் மகள்,
செண்பகம்