மூன்றாம் நபர்

தங்கச்சிக்கு,

கால் வலி குறைந்ததா? நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாய். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது உடைந்த மாடிப்படியைப் பார்க்க, இன்சூரன்ஸ்காரர் வந்திருந்தார். படி பழசாம்; தேய்மானம் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்களாம். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, தலையாட்டினேன். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார்.

“விழுந்தவங்க இந்த வீட்டுலதான் இருக்காங்களா?”

“என் கூடப் பிறந்தவ.”

“அது சரிங்கம்மா. ஆனா இங்கயே குடியிருந்தா பொறுப்புக் காப்பீடு செல்லாது. வெளியாளுக்கு அடிபட்டாத்தான் வைத்தியச் செலவு கொடுப்போம். மூன்றாம் நபர்னு சொல்லுவோம்.”

உன் கட்டிலில் படுக்கை விரித்தபடியே கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

“அவ கோவிச்சுக்கிட்டுத் தனியாப் போயிட்டா. வெளியாளுதான்,” என்றேன். பொய்யில்லை. ஆனாலும் சொன்ன பிறகு உன் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவை அவர்களே கட்டிவிடுவார்கள். அந்தக் கவலையை விடு.

கால் ஊன்ற ஆரம்பித்ததும் இங்கே வந்துவிடு. அதற்கப்புறம் இந்த வீட்டில் நீ எங்கே விழுந்தாலும் ஒரு பைசா தரமாட்டார்களாம். கேட்டுவிட்டேன்.

உன் அக்கா