கூரையைத் தூக்கும் சிலிண்டர்

பொத்தோங் பாசிர், சிங்கப்பூர்
ஆகஸ்ட் 18

ரவூபுக்குச் சின்னத்தம்பி எழுதுவது.

நீ என்னை ஏமாற்றியிருக்கிறாய். காரின் கூரையைத் தூக்கும் சிலிண்டர் என்று பெர்த்திலிருந்து நீ அனுப்பிய பெட்டிக்குள் வேறு ஏதோ காரின் சிலிண்டர் இருக்கிறது. கடைக்காரன் தவறு இல்லை, தபால்காரன் தவறும் இல்லை. நீயே உன் கையால் மாற்றி வைத்திருக்கிறாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். நீயும் ஷபானாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. காரணம் நீ.

ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சிரிப்பாய். மச்சான், நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் லா என்பாய். நானும் சிரித்துத் தொலைப்பேன், பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். காகிதத்திடம் உன் சிரிப்பு செல்லாது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் பெட்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். திறந்து மூடிய பெட்டி எது, திறக்காத பெட்டி எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். வெளியே ஒட்டியிருந்த எண் சரியான எண். நம் இம்பாலா காருக்கு உரிய எண். உள்ளே இருந்த ஃபோமில் குட்டையான சாமானுக்குத்தான் பள்ளம் இருந்தது. வந்த சிலிண்டரோ நீளம். அது உட்காருவதற்காக ஃபோமின் ஓரம் கத்தியால் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டு சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தேன். இடது கைக்காரன் வெட்டிய வெட்டு. உன் வீட்டில் இடது கையால் கத்தி பிடிப்பது ஷபானாவா, நீயா?

இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டும் என்று ஜாலான் புசார் ஹைட்ராலிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிள், நீளமாக இருந்தாலும் இது சின்ன காருக்கு உள்ளது லா, உங்கள் கூரையை இது தூக்காது, நீங்கள்தான் இதைத் தூக்க வேண்டும் என்று அந்தச் சீனப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இது முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன். முன்பு கதவுக்கு ரப்பர் கேட்டேன். நான்கு கதவு வண்டிக்கு உள்ளதை அனுப்பினாய். கூரை திறக்கும் நம் கன்வெர்ட்டிபிளுக்கு இரண்டே கதவு. பிறகு கண்ணாடிக்கு ரப்பர் கேட்டேன். வேறு வருடத்து மாடலுக்கு உள்ளது வந்தது. வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றாய். சையது ஆல்வி சாலையில் உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டு, இருட்டில் தடவிப் பார்த்தே இது எந்த வண்டிச் சாமான் என்று சொன்னவன் நீ. உனக்கா தெரியாது?

ஏன் செய்கிறாய் என்று யோசித்தேன். நல்ல சாமான்களை அங்கேயே வேறு யாருக்கோ கொடுக்கிறாயோ என்று நினைத்தேன். ஷபானாதான் செய்கிறாளோ, நீ சிங்கப்பூர் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று அவளையும் சந்தேகப்பட்டேன். அதை அவளிடம் சொல்லாதே. எதிர்வீட்டுக்காரன்கூட என் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. காருக்குள் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்கிறது என்று யாரோ புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. அன்று அவன் ஜன்னல் திரை அசைந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் நாள்கணக்கை ஒட்டிப் பார்த்தபோது பிடிபட்டது. எஞ்சின் கிளம்பிவிட்டது, இனிக் கூரை மட்டும்தான் பாக்கி என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? அன்று நீ ஏதோ அவசர வேலை என்று ஃபோனை வைத்துவிட்டாய். அதற்கு அடுத்து வந்ததுதான் இந்தப் பெட்டி.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஏதோ பண்ணைக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இந்த வண்டியை வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பியவன் நீ. நீ பழுது பார், சாமான் நான் அனுப்புகிறேன், பொத்தானை அழுத்தினால் கூரை திறக்கும் நாளில் நான் வந்து நிற்பேன், இரண்டு பேரும் தேக்கா கடைத்தெருவைச் சுற்றுவோம் என்றாய். நான் மெக்கானிக் இல்லை. புத்தகம் பார்த்தும், வீடியோ பார்த்தும், கையைச் சுட்டுக்கொண்டும் வெல்டிங் கற்றேன். வண்டியின் வால் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. இத்தனை வருடமாக நான் கேட்டைச் சாத்தியதே இல்லை.

கார் முடிந்தால் நீ வர வேண்டும். வந்தால் உன் மகன் இல்ஹாமைப் பார்க்க வேண்டும். அதுதானே?

அவன் தாய் மவுத்தாகி ஒரு வருடம் திரும்புவதற்குள் நீ ஷபானாவை நிக்காஹ் செய்தாய். செய்தது தவறு என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. உன் மகன் வரவில்லை. எனக்கு இனி அத்தா இல்லை என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னான். நீ பெர்த்துக்குப் போனாய். அவன் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் அவனைக் கூப்பிடவில்லை.

அந்த இல்ஹாம் இப்போது ஞாயிறுதோறும் இங்கே வருகிறான். இதை நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் தடவை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். பழைய இரும்புக்காரனுக்கு விலை பேசத்தான் அளவெடுக்கிறான் என்று நினைத்து ஸ்பேனரைக் கையிலேயே வைத்திருந்தேன். நான் துருப்பிடித்த தரையை வெட்டப் போன நேரம் அது. மாமா, இதற்கு மேலே கூரை இல்லை, கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைக்காமல் தரையை வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது என்றான். சிலேத்தாரில் விமானம் பழுது பார்க்கிறவன் அல்லவா, பேச்சில் ஒரு திமிர். அவன் சொன்னது சரிதான். அதை நான் இதுவரை அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

உன் பெயரை அவன் எடுப்பதில்லை. பெர்த்திலிருந்து சாமான் வந்ததா என்றுதான் கேட்பான். ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளம் துருவில் இறுகி நகராமல் போனதால் அதை எடுத்துவிட்டு, நகர்த்த முடியாத தாங்கி ஒன்றைப் புதிதாகச் செய்து பொருத்தினான். நான் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் போய் இடித்தது. என்னடா, அளவு பார்க்கத் தெரியாதா என்று திட்டினேன். அவன் தலையைத் தூக்கவில்லை. இது உங்களுக்கு வைத்த சீட் இல்லை மாமா என்றான்.

ரவூப், அவ்வளவு குட்டைக் கால் எனக்குத் தெரிந்து ஒருவனுக்குத்தான் உண்டு.

போன இரண்டு தடவையும் கடைக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்று அவனிடம் பொய் சொன்னேன். அவன் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. மூன்றாவது தடவை என்னால் முடியாது. அவனும் பெட்டியைப் பார்த்தால் கண்டுபிடிப்பான். அத்தாவுக்கு வர இஷ்டமில்லை என்று அவனாகவே தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு எந்தக் கம்பி வைத்தும் நிமிர்த்த முடியாது.

நேரமும் இல்லை. என் மகள் திவ்யதர்ஷினி இந்த வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டாள். நான் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து ஏஜெண்டைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறாள். தரையில் புதுச் செருப்புத் தடம் கிடந்தது, அதிலிருந்து பிடித்தேன். தீபாவளிக்கு முன்னால் நான் புக்கிட் பாஞ்சாங்கில் அவள் வீட்டுக்குப் போகிறேன். அடுக்குமாடி. காரை எங்கே வைப்பது, சமையலறையிலா? இல்ஹாமுக்குத் தெரிந்த ஒருவர் நிறுத்த இடம் தருகிறார், ஆனால் முழுதாக முடிந்த வண்டிக்குத்தான். முடியாவிட்டால் இரும்புக்காரன்தான். கூரையைக் கையால் தூக்கிவிடலாம் என்று நானும் இல்ஹாமும் முயன்றோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி தூக்கிய கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாதம் வேண்டாம்.

சரியான சிலிண்டர் உன் வீட்டில்தான் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பாதே. நீ உன் பெட்டியில் வைத்துக் கொண்டு வர வேண்டும்.

ஷபானாவும் கூட வர வேண்டும். அவளை விட்டுவிட்டு வந்தால் ஒளித்து வைத்ததுபோல் ஆகும். மாடி அறையைச் சுத்தம் செய்வதும் ஏர்கானுக்கு ஆள் பிடிப்பதும் என் வேலை.

நீங்கள் வந்து போகும்வரை திவ்யா வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அவளிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், பரவாயில்லை.

சிலிண்டரை இல்ஹாம் மாட்டுவான். ஒருவர் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அது நீ. நான் பக்கத்தில் வரமாட்டேன். அவன் போகச் சொன்னாலும் திட்டினாலும் நீ பிடித்தபடியே நிற்க வேண்டும்.

வெட்டிய ஃபோமை நான் குப்பையில் போட்டுவிட்டேன். அதைப் பற்றி அவனிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் பாடு.

ஆண்டவன் உங்கள் இருவரையும் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல்லாதே. இல்ஹாமைக் கூப்பிட்டு, இன்ன நாள் வருகிறேன், சாங்கி விமான நிலையத்துக்கு வா என்று நீயே சொல்ல வேண்டும். அவன் எண் மாறவில்லை.

உன் மச்சான்,
சின்னத்தம்பி